பழைய சாயலில் ஒரு டைவிங் வாட்ச்: பார்த்து வாங்குவதும் தினமும் கட்டுவதும்

ஒரே ஒரு வாட்ச் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கட்டினால் ராத்திரி படுக்கும்போதுதான் கழற்றுவீர்கள், நடுவில் மழை வரும், பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும், பைக்கில் போவீர்கள், அலுவலகம் இருக்கும், சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பும் இருக்கலாம். கையில் இருப்பது 20,000 முதல் 40,000 ரூபாய். இந்தக் கணக்கோடு யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: 1960, 70-களின் சாயலில் செய்த ஒரு ஆட்டோமேட்டிக் (பேட்டரி இல்லாமல் கை அசைவில் ஓடுகிற) டைவிங் வாட்ச் வாங்குங்கள். உங்களுக்கு நீச்சல்கூடத் தெரிய வேண்டியதில்லை. ஆழ்கடலுக்கென்று செய்த பொருள் சமையலறைத் தொட்டியையும் ஐப்பசி மழையையும் தாராளமாகத் தாங்கும்.

ஆனால் டைவிங் வாட்ச் வேறு, டைவிங் வாட்ச் மாதிரி இருப்பது வேறு. கடையில் இரண்டும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். பிரித்துப் பார்க்க நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பார்த்து, இது எந்த வேலைக்காக வந்தது, அந்த வேலையை இந்த வாட்ச்சில் இப்போதும் செய்கிறதா என்று கேட்டுக்கொண்டே போவேன். எதுவெல்லாம் வேலை செய்கிறது, எதுவெல்லாம் வெறும் அலங்காரம் என்று தெரிந்த பிறகு, எந்த அலங்காரத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

பெசல்

டயலைச் சுற்றி 60 நிமிடக் கோடுகளோடு திரும்புகிற வளையம்தான் பெசல். இதுதான் இந்த வாட்ச்சின் பிறப்புக் காரணமே. 1950-களில் ஸ்விட்சர்லாந்தின் பிளாங்பான் வாட்ச் நிறுவனத்தை நடத்திய ஜான் ஜாக் ஃபீஷ்டர் தானே கடலில் மூழ்கிப் பழகியவர், ஒருமுறை நீருக்கடியில் சிலிண்டரில் காற்று தீர்ந்துபோய்த் தப்பித்து மேலே வந்தவர். உள்ளே எவ்வளவு நேரம் இருந்தோம் என்று சட்டெனத் தெரிய வேண்டும் என்ற தேவை அவருக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அதே சமயத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்காக ராபர்ட் மலூபியேவும் கிளாட் ரிஃபோவும் வாட்ச் தேடிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு டயல், பெரிய வெளிச்சக் குறிகள், திருப்பக்கூடிய பெசல் என்று அவர்கள் கேட்டதும் இவர் செய்ததும் ஒன்றாகச் சேர்ந்து 1953-ல் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வந்தது. ஐம்பது ஃபாதம் என்றால் ஏறக்குறைய 91 மீட்டர். ரோலக்ஸ் சப்மரீனரும் அதே ஆண்டில் உருவானதுதான். ஜப்பானில் சீக்கோவின் முதல் டைவிங் வாட்ச், ரசிகர்கள் 62மாஸ் என்று சொல்வது, 1965-ல் 150 மீட்டருக்கு வந்தது, அதை அண்டார்டிகா போன ஜப்பானிய ஆய்வுக் குழுவினரும் கட்டினார்கள். இன்றைக்கு 'ரெட்ரோ' என்று விற்கிற டைவிங் வாட்ச்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றின் சாயல், இல்லை 70-களின் தடித்த சீக்கோக்களின் சாயல்.

கடையில் பெசலைச் சுற்றிப் பாருங்கள். இடப்பக்கம், அதாவது முள் சுற்றுகிறதற்கு எதிர்ப்பக்கம் மட்டும்தான் திரும்ப வேண்டும். ஏன் என்றால், பெசலில் இருக்கும் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டு உள்ளே இறங்கியவருக்கு, பாறையில் இடித்துப் பெசல் நகர்ந்தாலும் கழிந்த நேரம் கூடுதலாகத்தான் காட்டும், அவர் சீக்கிரமே மேலே வந்துவிடுவார். வலப்பக்கமும் திரும்பினால் இருக்கிற காற்றைவிட அதிகம் இருப்பதாக நினைத்துவிடுவார். சத்தம் 'டிக் டிக்' என்று தெளிவாக இருக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 120 இருக்கும், சிலவற்றில் 60. கையை எடுத்த பிறகு முன்னும் பின்னும் ஆடக் கூடாது. முக்கோணம் 12-க்குச் சரியாக நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள், விலை குறைந்த வாட்ச்சில் அரைக் கோடு தள்ளி நிற்பது நிறைய நடக்கும், ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு நாளும் அதுதான் தெரியும்.

நிலத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு: நான் தினமும் பயன்படுத்துவது பெசலைத்தான், தேதியைக்கூட அவ்வளவு பார்ப்பதில்லை. இட்லியை அடுப்பில் வைத்ததும் முக்கோணத்தை நிமிட முள்ளுக்குத் திருப்பிவிட்டால், முள் பெசலில் 10-ஐத் தாண்டும்போது இறக்கிவிடலாம். பார்க்கிங், துணி ஊற வைத்தது, டாக்டர் அரை மணி கழித்து வரச் சொன்னது, எல்லாம் அப்படித்தான். போனை எடுத்தால் அதில் வேறு ஏதாவது கண்ணில் பட்டு அரை மணி போய்விடும், வாட்ச்சில் அந்தத் தொல்லை இல்லை.

கிரவுனும் பின்மூடியும்

சாவி கொடுக்கிற அந்தக் குமிழ்தான் கிரவுன். தண்ணீர் உள்ளே போவதற்கு இதுவும் பின்மூடியும்தான் பெரிய வாசல்கள், அதனால் இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும். நல்ல டைவிங் வாட்ச்சில் கிரவுன் திருகி இறுக்குகிற வகையாக இருக்கும். இழுத்தால் வராது, முதலில் இடப்பக்கம் திருகித் தளர்த்த வேண்டும். தள்ளி மூடுகிற கிரவுனிலும் உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறது, அதுவும் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் நீந்தும்போதோ சட்டை மாட்டியோ கிரவுன் தற்செயலாக இழுபட்டுவிடலாம். திருகு இருந்தால் அந்தப் பயம் இல்லை.

இந்த இடத்தில் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோர் கண்ணும் முதலில் போவது அதன் மேல்தான். 1996-ல் வந்த சீக்கோவின் எஸ்கேஎக்ஸ்007 உண்மையான டைவிங் வாட்ச்: 200 மீட்டர், திருகு கிரவுன், 4 மணி பக்கத்தில் கிரவுன் இருப்பதால் மணிக்கட்டில் குத்தாது. அது நின்றுபோய், 2019-ல் அதே உருவத்தில் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வந்தது. உருவம் அதேதான், மெஷின் அதைவிட நல்லது, ஆனால் 100 மீட்டர், தள்ளி மூடும் கிரவுன். டைவிங்குக்கு என்று அதைச் சீக்கோவே சொல்லவில்லை. கை கழுவ, மழையில் நனைய, நீச்சல் குளத்தில் இறங்க அது போதும், நான் அதை வாங்காதீர்கள் என்று சொல்லவே மாட்டேன். தெரிந்து வாங்குங்கள் என்று மட்டும் சொல்வேன்.

பின்மூடி விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ரஷ்யாவின் வஸ்தோக் ஆம்ஃபீபியா. தத்தாரிஸ்தானில் காமா நதிக்கரையில் உள்ள சிஸ்டபோல் ஊரின் தொழிற்சாலையில் 1967-ல் வடிவமைத்தது. மற்ற நிறுவனங்கள் பின்மூடியையே திருகாகச் செய்து, எவ்வளவு இறுக்கித் திருகுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்ற வழியில் போனார்கள், அதற்கு மிக நுணுக்கமான இயந்திரங்கள் வேண்டும். ரஷ்யர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். பின்மூடி ஒரு தனித் தட்டு, அது சுற்றாதபடி சின்னப் பள்ளத்தில் உட்காரும், அதற்குக் கீழே அகலமான தட்டை ரப்பர் வளையம், மேலே ஒரு வளையத் திருகு தட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆழத்தில் போகப் போகத் தண்ணீரே அந்தத் தட்டை ரப்பரின் மேல் அழுத்தும். எந்த அழுத்தம் வாட்ச்சைக் கெடுக்க வருகிறதோ அதே அழுத்தம்தான் அதை மூடுகிறது. மேல் கண்ணாடியும் தடித்த அக்ரிலிக், அதுவும் அழுத்தத்தில் கொஞ்சம் வளைந்து கொடுத்து இன்னும் நெருக்கமாக உட்காரும். அதன் கிரவுனைத் திருகித் தளர்த்தினால் லொடலொடவென்று ஆடும், புதிதாக வாங்குகிறவர்கள் உடைந்துவிட்டது என்று பயப்படுவார்கள். அது குறையில்லை, தளர்ந்த நிலையில் கிரவுனில் அடிபட்டால் உள்ளே தண்டு வளையாமல் இருக்க அப்படிச் செய்தது. பெசல் மட்டும் இரண்டு பக்கமும் திரும்பும், சத்தமும் இருக்காது. 200 மீட்டர் வாட்ச்சில் இதைவிட மலிவாக, இவ்வளவு சிந்தனையோடு செய்தது வேறு இல்லை என்பது என் எண்ணம்.

டயலில் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பத்து மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம், அப்படிப் பார்த்தால் 200 மீட்டர் என்பது 20 பார். இது அசையாத தண்ணீரின் கணக்கு, புது ரப்பரோடு. 'வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்' என்று போட்ட சாதாரண வாட்ச்சைக் கட்டிக்கொண்டு முப்பது மீட்டர் இறங்கலாம் என்று அர்த்தமில்லை, அது முகம் கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்கு. 'டைவர்ஸ்' என்ற சொல் டயலிலோ பின்மூடியிலோ இருந்தால் அது டைவிங் வாட்ச்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6425-க்கு உட்பட்டது. அந்தத் தரத்தில் குறைந்தபட்சம் 100 மீட்டர், ஒவ்வொரு வாட்ச்சையும் தனித்தனியாக, எழுதிய அளவைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும், இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் நேரம் தெரிய வேண்டும், உப்புத் தண்ணீர், அதிர்ச்சி, காந்தம் எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு. அந்தச் சொல் இல்லாமல் 200 மீட்டர் என்று மட்டும் இருந்தால் மோசமான வாட்ச் என்று இல்லை, ஜப்பானின் ஓரியன்ட் நிறுவனத்தின் மாக்கோவும் கமாசுவும் அப்படித்தான், தினசரிக்கு அவை போதும் போதும்.

அளவு

எல்லோரும் டயலின் குறுக்களவை மட்டும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், ஸ்ட்ராப் மாட்டுகிற கொம்புகளின் மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரை உள்ள நீளம். மணிக்கட்டின் மேல்பக்கத் தட்டையான இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், பலருக்கு 48-லிருந்து 55 மில்லிமீட்டருக்குள் வரும். வாட்ச்சின் நீளம் அதற்குள் அடங்க வேண்டும், கொம்புகள் மணிக்கட்டின் ஓரத்தைத் தாண்டித் தொங்கினால் எவ்வளவு அழகான வாட்ச்சும் இரவல் வாங்கிக் கட்டியது மாதிரித் தெரியும். சீக்கோ 5 ஸ்போர்ட்ஸின் குறுக்களவு 42.5, கேட்டால் பெரிதாகத் தோன்றும், நீளம் 46 மட்டுமே, அதனால் சின்ன மணிக்கட்டிலும் உட்காரும். பழைய 62மாஸ் 37 மில்லிமீட்டர்தான். அறுபதுகளின் சாயல் வேண்டும் என்றால் 38 முதல் 40-க்குள் தேடுங்கள், சீக்கோ 5 ஸ்போர்ட்ஸிலேயே 38 மில்லிமீட்டரில் ஒரு வரிசை இருக்கிறது. எழுபதுகளின் தடித்த உருவம் பிடித்தால் 42 வரை போகலாம். தடிமன் 13-ஐத் தாண்டினால் முழுக்கைச் சட்டையின் பட்டைக்குள் போகாது, கல்யாண வரவேற்பில் அதுதான் உறுத்தும்.

கண்ணாடி

சஃபையர் கண்ணாடியின் கடினம் மோஸ் அளவில் 9. நம் தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. சாதாரண மினரல் கண்ணாடி அதற்கும் கீழே. அதனால் மினரல் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கும்போது அந்தத் தூசியே கீறிவிடும், சஃபையரைக் கீறாது. தினமும் கட்டுகிற வாட்ச்சுக்கு ஒரே விலையில் இரண்டு இருந்தால் சஃபையரையே எடுங்கள். அக்ரிலிக் இரண்டையும்விட மிகவும் மென்மையானது, கதவில் உரசினாலே கோடு விழும், ஆனால் நொறுங்காது, விழுந்த கோட்டைப் பாலிவாட்ச் பசையையும் மென்மையான துணியையும் வைத்து நாமே பத்து நிமிடத்தில் தேய்த்து எடுத்துவிடலாம். குவிந்த அக்ரிலிக்கில் ஓரத்தில் டயல் லேசாக வளைந்து தெரியும், பழைய வாட்ச்சின் அழகில் பாதி அதுதான்.

இருட்டில் ஒளிரும் பூச்சையும் கடையிலேயே சோதியுங்கள், போன் டார்ச்சைப் பத்து விநாடி காட்டிவிட்டு இரண்டு கையாலும் மூடி உள்ளே பாருங்கள். ரெட்ரோ வாட்ச்களில் அந்தப் பூச்சு பாலேட்டு நிறத்தில் இருக்கும். ஒரு காலத்தில் ரேடியமும் பிறகு டிரிட்டியமும் கலந்த பூச்சுகள் வயதாகி மஞ்சளானதைப் பார்த்து, புது வாட்ச்சுக்கும் அந்த நிறத்தைக் கொடுக்கிறார்கள். இப்போதைய பூச்சில் கதிரியக்கம் இல்லை. ஆனால் உண்மையிலேயே அந்தக் காலத்து வாட்ச் கையில் கிடைத்தால் அதை வீட்டில் திறக்காதீர்கள், உதிர்ந்த ரேடியத் தூள் மூச்சில் போவது நல்லதல்ல.

மெஷின்

கடைக்காரர்கள் மெஷின் என்று சொல்வதைத்தான் இணையத்தில் மூவ்மென்ட் என்பார்கள். இந்த விலையில் மூன்று குடும்பங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: சீக்கோவின் 4ஆர்35, 4ஆர்36 (மற்ற நிறுவனங்களுக்கு விற்கும்போது என்எச்35, என்எச்36 என்ற பெயர்), ஓரியன்ட்டின் எஃப்69, சிட்டிசனின் மியோட்டா 8200 வரிசை. மூன்றும் மணிக்கு 21,600 துடிப்பு, சார்ஜ் 40 மணி நேரம் போல நிற்கும். வெள்ளி சாயங்காலம் கழற்றி வைத்தால் ஞாயிறு காலை நின்றிருக்கும்.

இரண்டு வசதிகளைக் கேளுங்கள். கிரவுனைச் சுற்றிச் சாவி கொடுக்க முடியுமா, கிரவுனை இழுத்தால் நொடி முள் நிற்குமா. சீக்கோ 4ஆர்36, ஓரியன்ட் எஃப்69 இரண்டிலும் இரண்டும் உண்டு. பழைய எஸ்கேஎக்ஸ்007-ன் 7எஸ்26 மெஷினில் இரண்டும் கிடையாது, கையில் வைத்து ஆட்டித்தான் ஓட வைக்க வேண்டும். மியோட்டா 8200 வரிசையில் சாவி கொடுக்கலாம், பல வாட்ச்களில் நொடி முள் நிற்காது, கையைச் சட்டென அசைத்தால் உள்ளே ரோட்டர், அதாவது கை அசைவில் சுற்றிச் சாவி ஏற்றுகிற எடை, விர்ரென்று சுற்றுவது கேட்கும். பயப்பட ஒன்றும் இல்லை.

நேரத் துல்லியம் பற்றி முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 4ஆர்36-க்குச் சீக்கோ தரும் எல்லை ஒரு நாளைக்கு 45 விநாடி கூடுதல், 35 விநாடி குறைவு. ஓரியன்ட் 25 கூடுதல், 15 குறைவு. இருநூறு முந்நூறு ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கே இருபது விநாடிதான் தவறும், இது ஒரே நாளில் அவ்வளவு தவறலாம். ஒரு நாளில் 86,400 விநாடி இருக்கிறது, அதில் 20 என்பது ஆயிரத்தில் ஒரு பங்கின் கால்வாசிகூட இல்லை, அதுவும் பேட்டரி இல்லாமல், ஒரு சுருள் கம்பியும் சில பல்சக்கரங்களும் உங்கள் கை அசைவை வைத்துச் செய்கிற வேலை. எனக்கு அது குறைவாகத் தோன்றவில்லை.

எதை வாங்கலாம்

முதல் வாட்ச் என்றால் நான் சொல்வது ஓரியன்ட் கமாசு. 41.8 மில்லிமீட்டர், நீளம் 47-ஐத் தாண்டாது, சஃபையர், திருகு கிரவுன், 200 மீட்டர், சொந்த மெஷின். முழு ரெட்ரோ என்று சொல்ல முடியாது, ஆனால் கொடுக்கிற காசுக்குப் பாகங்கள் எல்லாம் வேலை செய்கின்றன. பழைய சாயல்தான் முதலில் வேண்டும், தண்ணீரில் அதிகம் இறங்க மாட்டேன் என்றால் 38 மில்லிமீட்டர் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ். உண்மையில் கடலுக்குள் போகிறவர் என்றால் சிட்டிசன் ப்ரோமாஸ்டர் என்ஒய்0040 பக்கம் போங்கள், டைவர்ஸ் 200 மீட்டர், கிரவுன் 8 மணி பக்கம், ரப்பர் ஸ்ட்ராப்பிலேயே எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்ற அட்டவணை அச்சடித்திருக்கும். எழுபதுகளின் நிறங்கள் பிடித்தவர்களுக்குப் புலோவாவின் ஓஷனோகிராஃபர், 666 அடி என்று எழுதியிருப்பதால் டெவில் டைவர் என்று பெயர் வாங்கியது, கிட்டத்தட்ட 203 மீட்டர். சான் மார்ட்டின், ஸ்டீல்டைவ் போன்ற சீன நிறுவனங்கள் 62மாஸ் உருவத்திலேயே சஃபையரும் என்எச்35 மெஷினும் வைத்துச் செய்கின்றன, செய்நேர்த்தி பல நேரம் வியக்க வைக்கும், சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வாங்குங்கள். சீக்கோவே 62மாஸைப் புதுப்பித்துச் செய்த எஸ்பிபி143, 2020-ல் வந்தது, 40.5 மில்லிமீட்டர், 70 மணி நேர சார்ஜ். ஆசை காட்டும், ஆனால் இந்த பட்ஜெட்டைத் தாண்டியது.

பழைய வாட்ச் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று பளபளக்கும் 'விண்டேஜ்' சீக்கோ 5-களைப் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுக்க ரசிகர்கள் அவற்றுக்கு மும்பை ஸ்பெஷல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெவ்வேறு வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்து, டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து விற்பவை. எழுத்தின் ஓரம் மங்கலாக இருக்கும், அந்த மாடலில் எப்போதும் வராத நிறமாக இருக்கும், பழைய வாட்ச்சுக்கு டயல் மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். தண்ணீர் பக்கம் அதைக் கொண்டு போகவே முடியாது. பழைய சீக்கோ என்றால் பின்மூடி எண்ணையும் பாருங்கள், முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம், அக்டோபருக்கு 0, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. அந்த மாடல் நின்றுபோன பிறகான ஆண்டு வந்தால் எதையோ மாற்றியிருக்கிறார்கள்.

முதல் வாரம்

வாங்கி வந்ததும் ஆட்டி ஓட வைக்காதீர்கள், கிரவுனைத் தளர்த்தி மேல்பக்கமாக மெதுவாக 30 சுற்று சாவி கொடுங்கள். அப்புறம் தேதி. ராத்திரி 9 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை தேதிச் சக்கரத்தின் பற்கள் கடித்தபடி இருக்கும், அந்த நேரத்தில் தேதியை விரைவாக மாற்றினால் பல் உடையலாம். முட்களை 6 மணிக்கு நகர்த்துங்கள், நேற்றைய தேதியை வையுங்கள், பிறகு தேதி தானாக மாறும் வரை முட்களை முன்னோக்கிச் சுற்றுங்கள். மாறியது என்றால் இப்போது நள்ளிரவு, அங்கிருந்து இன்றைய நேரத்துக்குக் கொண்டு வாருங்கள், காலையா மாலையா என்ற குழப்பமே வராது.

கிரவுனை மூடும்போது நேராக அழுத்தி, முதலில் இடப்பக்கமாக லேசாகச் சுற்றுங்கள், மரை பொருந்தும் இடத்தில் 'டக்' என்று ஒரு சின்ன உணர்வு கிடைக்கும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் மரை கோணலாக ஏறாது. மரை தேய்ந்த கிரவுன்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விநாடிப் பொறுமை இல்லாமல் தேய்ந்தவை. விரல் நுனி இறுக்கம் போதும், பலம் காட்ட வேண்டியதில்லை.

முதல் பத்து நாள் காலை ஒரே நேரத்தில் போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு எத்தனை விநாடி வித்தியாசம் என்று எழுதி வையுங்கள். ராத்திரி கழற்றி வைக்கிற நிலையை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்: டயல் மேலே பார்க்க, கிரவுன் மேலே பார்க்க, கிரவுன் கீழே பார்க்க. ஒவ்வொரு நிலையிலும் மெஷின் கொஞ்சம் வேறு வேகத்தில் ஓடும். பகலில் 8 விநாடி கூடுகிற வாட்ச் ராத்திரி கிரவுனை மேலே வைத்துப் படுக்க வைத்தால் 6 விநாடி குறையலாம், அப்படி ஒரு நிலை கிடைத்துவிட்டால் காசு செலவில்லாமல் நேரம் சரியாகிவிடும். திடீரென்று ஒரு நாள் பல நிமிடம் வேகமாக ஓட ஆரம்பித்தால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும், ஸ்பீக்கர் மேல் வைத்திருப்பீர்கள், இல்லை டேப்லெட் உறையின் காந்தமாக இருக்கும். ஒரு சின்னத் திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டு போங்கள், முள் தடுமாறினால் அதுதான். ரிப்பேர் கடையில் ஒரு நிமிட வேலை.

ஸ்ட்ராப் விஷயம் சுருக்கமானது. நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் தோல் ஸ்ட்ராப் ஆறு மாதத்தில் நாறும். ரப்பர், நைலான், இல்லை ஸ்டீல் செயின். நேட்டோ என்று விற்கிற ஒற்றை நைலான் பட்டை பிரிட்டிஷ் ராணுவம் 1973-ல் வரையறுத்த ஜி10 ஸ்ட்ராப்பிலிருந்து வந்தது, ஸ்ட்ராப்பை மாட்டுகிற கம்பி ஒரு பக்கம் தெறித்தாலும் வாட்ச் கீழே விழாது, வாரம் ஒருமுறை சோப்பு போட்டுத் துவைக்கலாம். செயின் என்றால் பூட்டில் நுண் சரிசெய்யும் துளைகள் இருக்கிறதா பாருங்கள், மத்தியானத்தில் கை வீங்கும்போது ஒரு துளை தளர்த்த வேண்டியிருக்கும்.

தண்ணீர்

என் முதல் 200 மீட்டர் வாட்ச்சை, தூசி தெரிகிறது என்று வீட்டுப் பக்கத்தில் ஒரு ரிப்பேர் கடையில் திறக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பளிச்சென்று இருந்தது. அடுத்த வாரம் மகாபலிபுரத்தில் இடுப்பளவு தண்ணீரில் கால் மணி நேரம்தான் நின்றிருப்பேன். மறுநாள் காலை கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்திருந்தது. வேறு ஒருவரிடம் திறந்து காட்டியபோது பின்மூடியின் ரப்பர் வளையம் முறுக்கி ஒரு இடத்தில் நசுங்கிக் கிடந்தது, கிரீஸும் இல்லை. பின்மூடியைத் திறந்த அந்த நிமிடமே டயலில் இருக்கும் 200 செல்லாது, மறுபடி சோதிக்கும் வரை அது வெறும் எழுத்து. இது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உள்ளே பனி படிந்தால் வெயிலில் வைப்பது, அரிசியில் புதைப்பது எல்லாம் வேண்டாம். அன்றைக்கே திறந்து உலர்த்தக் கொடுங்கள், கடல் தண்ணீர் என்றால் இரண்டு மூன்று நாளிலேயே துரு பிடித்துவிடும். கடலிலிருந்து வந்தால் கிரவுன் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள், பெசலையும் சுற்றிச் சுற்றிக் கழுவுங்கள், அதன் அடியில் உப்பும் மணலும் சேர்ந்துதான் பெசல் இறுகிப்போகும். வெந்நீர்க் குளியலுக்கு மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள், சூடும் சோப்பும் ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும், சூட்டில் விரிந்த உலோகம் சட்டெனக் குளிர்வதும் நல்லதில்லை. தண்ணீருக்குள் கிரவுனைத் தொடவே வேண்டாம்.

தண்ணீரில் அடிக்கடி இறங்குகிறவர் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்னால், பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும். கடையில் கொடுக்கும்போது மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: பின்மூடி, கிரவுன் இரண்டிலும் ரப்பர் மாற்ற வேண்டும், சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும், மூடிய பிறகு டெஸ்ட் செய்து காட்ட வேண்டும். டெஸ்ட் மெஷின் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், இல்லை என்றால் அங்கே ஸ்ட்ராப் மாற்றிக்கொள்ளலாம், பின்மூடியை மட்டும் திறக்க விடாதீர்கள்.